ரயில் பார்க்க வந்தவன்

“யாரை ஏத்திவிட வந்தீங்க?”

“யாரையும் இல்லீங்க.”

“அப்ப யாரைக் கூப்பிட வந்தீங்க?”

“யாரும் வரலை.”

“அப்புறம் எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?”

“ரயில் பார்க்க.”

சீருடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பையைப் பார்த்தார். திறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு மலைப்பழம், ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், அட்டை கிழிந்த ஒரு நோட்டு. பழத்தை விட்டுவிட்டு நோட்டைப் பிரித்தார். பக்கம் பக்கமாக 30 என்றும் 37 என்றும் தொடங்கும் ஐந்திலக்க எண்கள், எதிரே தேதி, நேரம். எல்லாம் இன்ஜின் நம்பர்கள். எந்த இன்ஜினும் தன் நெற்றியில் முழங்கை நீளத்துக்கு எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற நம்பர்தான், ராணுவ ரகசியம் ஒன்றுமில்லை. “இதெல்லாம் யாருக்குக் குடுக்க எழுதி வெச்சிருக்கீங்க?” என்றார். முப்பது வருஷமாக என் மனைவியும் இதையேதான் கேட்கிறாள். அவளுக்கே இன்னும் பதில் சொன்னபாடில்லை.

பிளாட்பார டிக்கெட்டை நீட்டினேன். பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் முடிந்து பத்து நிமிஷம் ஆகிவிட்டதாம். நான் பார்க்க வந்த வண்டி இரண்டு மணி நாற்பது நிமிஷம் லேட். அதாவது, தாமதமாக வருகிற ரயிலுக்கு அபராதம் கிடையாது. தாமதமான ரயிலுக்காக உட்கார்ந்திருப்பவனுக்கு உண்டு. இதை அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த கால் மணி நேரம் எப்படிப் போயிற்று என்பதை விட்டுவிடுகிறேன். அது நடந்த சந்திப்பின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

கடைசியில் மனசு இறங்கி ஒரு யோசனை சொன்னார். “போட்டோ வேணும்னா அந்தா அங்க போய் எடுத்துக்கங்க, சார். அதுக்குத்தான் வெச்சிருக்காங்க.”

கை காட்டிய இடத்தில் செல்ஃபி கூடம் ஒன்று நின்றது. 2023 கடைசியில் நாடெங்கும் ஸ்டேஷன்களில் முளைத்த வகை. பிரதமர் ஆளுயரத்தில் சிரித்துக்கொண்டு நிற்பார், நாம் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்கு மத்திய ரயில்வே கொடுத்த கணக்கின்படி, தற்காலிகக் கூடம் ஒன்றுக்கு 1.25 லட்சம் ரூபாய், நிரந்தரக் கூடம் 6.25 லட்சம். அந்த ஸ்டேஷனில் நல்ல வெளிச்சம் இருந்த ஒரே மூலை அதுதான். எடுத்தால் படத்தில் பிரதமர் இருப்பார், நீங்கள் இருப்பீர்கள். ரயில் மட்டும் இருக்காது.

போகிற ஊரில் ரயில் பார்க்க நல்ல இடம் எது என்று தேடுவது ஒரு தனி வித்தை. இரண்டு பாதை பிரிகிற இடம் நல்லது. வளைவு அதைவிட நல்லது, இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரே பார்வையில் கிடைக்கும். ஆற்றுப் பாலம் என்றால் சத்தமே வேறு. கிராமத்து லெவல் கிராசிங் கேட் எல்லாவற்றையும் விட உசத்தி, ஏனென்றால் அங்கே வண்டி மூச்சுப் படுகிற தூரத்தில் போகும், மோர் விற்கும் பாட்டியும் இருப்பாள். நல்ல இடத்துக்கான இலக்கணம் இவ்வளவுதான். வண்டி முழுசாகத் தெரிய வேண்டும், நம்மை யாரும் விரட்டக் கூடாது. முதலாவது இந்தியாவில் ஆயிரம் இடத்தில் கிடைக்கும். இரண்டாவதுக்குத்தான் அலைகிறேன்.

டோக்கியோவில் நிப்போரி ஸ்டேஷனை ஒட்டிய மேம்பாலத்தில், கீழே ஓடும் வண்டிகளைப் பார்ப்பவர்களுக்கென்றே பால்கனி போல ஒரு மேடை கட்டி, அதற்கு ‘ரயில் மியூசியம்’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். புல்லட் ரயிலும் அதன் கீழே போகும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஃபோக்ஸ்டன் ஒரு சின்ன ஊர். கூட்ஸ் வண்டி பார்க்க வருகிறவர்களுக்குக் கூரை போட்ட மேடை கட்டிக் கொடுத்திருக்கிறது. நாம் ஜப்பானிடமிருந்து புல்லட் ரயில் நுட்பத்தை வாங்கினோம், அதற்குக் கடனையும் வாங்கினோம். அந்தத் திண்ணையை மட்டும் கேட்க மறந்துவிட்டோம்.

சரி, வண்டிக்குள் ஏறிவிட்டால் பார்க்கலாமே என்பீர்கள். ராமேஸ்வரம் வண்டியில் ஏ.சி. பெட்டியில் ஏறினேன். என் பக்கத்து ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. நடுவில் ஈரம் புகுந்து பூசணம் பூத்திருந்தது. அதன் வழியாகப் பார்த்ததில் காவிரிக்கும் கழனிப் பானைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. திருச்சியில் இறங்கி ஓபன் டிக்கெட் வாங்கி ஜெனரல் பெட்டிக்குப் போனேன். அங்கே ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, காற்று வருகிறது, எல்லாம் சரி. ஆனால் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பதினாறு பேர். கக்கூஸ் வாசலில் ஒரு கைக்குழந்தைக்காரி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். மானாமதுரை வரை அந்தக் கதவை யார் திறந்தாலும் அவள் எழுந்து நின்று உட்கார்ந்தாள். வாசலில் நிற்கலாமென்றால், படிக்கட்டில் பயணம் செய்பவருக்கு ரயில்வே சட்டம் 156-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை வைத்திருக்கிறது. பெட்டிகளைக் குறைத்து ஆளைப் படிக்கட்டுக்குத் தள்ளியவருக்கு எந்தப் பிரிவு என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். அச்சடிக்கும்போது விட்டுப்போயிருக்க வேண்டும்.

இதனால்தான் வெளியே நின்று பார்க்க வேண்டும் என்கிறேன். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு வண்டி ஒன்றையும் ஒளிக்க முடியாது. முதலில் இன்ஜின் வரும். உள்ளே இரண்டு பேர், கண் சிவந்திருக்கும். இன்ஜின்கள் பலவற்றில் கழிவறை கிடையாது. ஓட்டுகிறவர்கள் சாப்பிடவும் ஒதுங்கவும் நேரம் ஒதுக்கிக் கொடுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டதற்கு, 2025 ஏப்ரலில் ரயில்வே வாரியம் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று கையை விரித்துவிட்டது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஆயிரத்துச் சொச்சம் உயிரை இழுத்துப் போகிறவனின் சிறுநீர்ப்பையும் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை போல. அடுத்து ஜெனரல் பெட்டி. ஆட்கள் தெரியமாட்டார்கள், கால்கள் தெரியும், வாசலில் கொத்துக் கொத்தாக. அப்புறம் வரிசையாக ஏ.சி. பெட்டிகள், இருண்ட கண்ணாடி, உள்ளே வெள்ளைத் துப்பட்டி. திரும்பவும் ஜெனரல், திரும்பவும் கால்கள். கடைசியாகக் கார்டு. 2022 ஜனவரியிலிருந்து அவரைக் கார்டு என்று சொல்லக் கூடாது, ‘டிரெயின் மேனேஜர்’ என்று சொல்ல வேண்டும். நல்ல மாற்றம். மேனேஜர் என்ற பிறகு அவருக்கு மரியாதை கூடியிருக்கும். கூட்ஸ் வண்டியில் அவர் போகிற டப்பாதான் இன்னும் பழைய டப்பா.

இவ்வளவும் ஒரு நிமிஷத்தில் கடந்துபோகும். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நம்மைப் பார்க்க விடாமல் துரத்துகிறார்கள்.

பாம்பனுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ரயில் பார்க்க அதைவிட நல்ல இடம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் புதுப் பாலம். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், நடுவில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும். இதைப் பார்க்க உலகத்திலிருந்தெல்லாம் ஆள் வரும். வந்து எங்கே நிற்பது? 1988-இல் திறந்த சாலைப் பாலம்தான் கதி. கீழே கடல், எட்டுகிற தூரத்தில் ரயில் பாலம், கடல் மேல் கோடு கிழித்தாற்போல் வண்டி போகும்.

என்னைக் கூட்டிப்போன ஆட்டோக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். “அண்ணே, ஓரங்கட்டுறேன். ரெண்டு நிமிசந்தான். விசில் ஊதுனா ஏறிருங்க, கேஸ் போட்ருவாக.” பாலத்தில் வண்டி நிறுத்தக் கூடாதாம். நியாயம்தான், குறுகலான பாலம், பஸ் போகிறது, லாரி போகிறது. நிறுத்தக் கூடாது என்கிற பலகைக்கு ஆன செலவில் ஒரு ஓரமாக நிற்க நாலு கல்லைப் போட்டிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். விசில் ஊதிவிட்டார்கள். குமரியிலிருந்து வந்த ஒரு குடும்பம், நாலைந்து வடநாட்டு யாத்திரிகர்கள், கல்யாணமான சூட்டோடு வந்த ஒரு ஜோடி, நான், எல்லோரும் கோழி மாதிரி சிதறினோம். அந்த ஜோடியில் பெண்ணின் ஒரு செருப்பு பாலத்திலேயே நின்றுவிட்டது. வண்டி வந்தது. ஓடுகிற ஆட்டோவிலிருந்து கம்பிக்கும் ஆட்டோக்காரர் முதுகுக்கும் நடுவில் அதில் பாதியைப் பார்த்தேன்.

இந்தச் சாலைப் பாலத்தில் நின்று நிதானமாக ரயில் பார்த்தவர் ஒருவர் உண்டு. 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று பிரதமர் அந்தச் சாலைப் பாலத்துக்கு வந்து, அங்கே நின்றபடி கொடியசைத்து, ரயிலை அனுப்பினார். கடலோரக் காவல்படைக் கப்பலை அனுப்பினார். பாலம் எழும்பி இறங்குவதைப் பார்த்தார். ரயில் பார்க்க அதுதான் சரியான இடம் என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. அன்றைக்கு விசில்கள் ஓய்வெடுத்தன.

அந்தப் பாலத்தை இன்னொருவரும் உற்றுப் பார்த்தார், பார்ப்பதையே உத்தியோகமாகக் கொண்டவர். ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் ஆள் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறவர். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது: ரயில்வேக்கு ரயில்வேயே நற்சான்று எழுதிக்கொள்ளக் கூடாது என்று என்றைக்கோ யாருக்கோ புத்தி இருந்திருக்கிறது. 2024 நவம்பரில் அவர் பாலத்துக்கு அனுமதி கொடுத்தார். கொடுத்த அந்த அறிக்கையிலேயே, திட்டமிட்டதிலிருந்து துரு வரை குறை குறையாக அடுக்கினார். வேகத்தை 75 கிலோமீட்டராகவும், எழும்பும் துண்டின் மேல் 50 ஆகவும் கட்டுப்படுத்தினார். ரயில்வே என்ன செய்தது? அவர் பார்த்ததைப் பார்க்க ஒரு கமிட்டி போட்டது. திறப்பு விழா மேடையில் அந்த அறிக்கையை யாரும் வாசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் ஆச்சரியப்படப் போவதில்லை.

எனக்குக் கோபம் வருவது விரட்டியதற்காக அல்ல. இந்த வயசில் எத்தனையோ பேர் விரட்டியிருக்கிறார்கள். ரயில் பார்ப்பது வேலையற்றவன் வேலை என்று நினைக்கிறார்களே, அதற்காக. ரயில்வேயின் சொந்த விதிப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். வண்டி கடக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து நின்று பார்க்க வேண்டும். கேட் கீப்பர் கொடியோடு நின்று பார்க்க வேண்டும். எதாவது தொங்குகிறதா, அச்சு சூடேறிப் புகைகிறதா, கதவு திறந்து கிடக்கிறதா, தீ இருக்கிறதா. ஒன்றுமில்லை என்றால் பச்சைக் கொடி. பதிலுக்கு இன்ஜினிலிருந்தும் கார்டு பெட்டியிலிருந்தும் பச்சை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இந்த ரயில்வே பிழைத்துக் கிடப்பது, வழிநெடுக யாரோ ஒருவர் நின்று ரயிலைப் பார்த்ததால்தான்.

அந்தப் பார்க்கிற ஆட்கள் இப்போது எங்கே? 2023 ஜூனில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு ரயில்வே சொன்ன பதில்: 2.74 லட்சம் இடம் காலி, அதில் 1.7 லட்சத்துக்கு மேல் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடங்கள். அதே ஜூனின் 2-ஆம் தேதிதான் பாலசோரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தப்பான பாதையில் திரும்பி, நின்றிருந்த கூட்ஸ் வண்டி மேல் ஏறியது. கிட்டத்தட்ட முந்நூறு பேர். அடுத்த வருஷம் அக்டோபர் 11 அன்று கவரப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் அதேபோல் கிளைப்பாதைக்குள் புகுந்து அதேபோல் கூட்ஸ் வண்டியில் மோதியது. அங்கே யாரும் சாகவில்லை. அதற்குக் கும்பிட வேண்டியது கடவுளைத்தான், ரயில் பவனை அல்ல. நடுவில் எத்தனை வந்தே பாரத்துக்கு எத்தனை பச்சைக் கொடி! மேடையில் அசைக்கக் கை இருக்கிறது. தண்டவாளத்து ஓரம் அசைக்கத்தான் கை இல்லை.

2025 ஜூலை 8 காலை, கடலூர் செம்மங்குப்பம். பள்ளி வேன் தண்டவாளத்தைக் கடந்தது, விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் வந்தது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்த கேட் ‘இன்டர்லாக்’ இல்லாத கேட். இன்டர்லாக் என்றால் ஒன்றுமில்லை: கேட் மூடிப் பூட்டினால்தான் சிக்னல் பச்சைக்குப் போகும், மூடாவிட்டால் வண்டி வராது. அது இல்லாத இடத்தில் எல்லாம் போன் பேச்சு. ஸ்டேஷனிலிருந்து சொல்வார்கள், இவர் மூடியாயிற்று என்பார், அதற்கு அத்தாட்சியாக ஒரு ரகசிய எண்ணைப் பரிமாறிக்கொள்வார்கள். செயற்கைக்கோள் விடுகிற தேசத்தில் பிள்ளைகள் போகிற வேனுக்கும் வருகிற ரயிலுக்கும் நடுவில் இருந்தது ஒரு வாய்வார்த்தை. அன்றைக்கே ரயில்வே அறிக்கை விட்டது: அங்கே சுரங்கப்பாதை போட மாவட்ட ஆட்சியர் ஓராண்டாக அனுமதி தரவில்லையாம். சாவு வீட்டுப் பந்தலுக்குக் கால் நடுவதற்குள் கோப்பைத் தேடி எடுத்துவிட்டார்கள், இந்தச் சுறுசுறுப்பை ஒரு வருஷம் முன்னால் காட்டியிருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு அடுத்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் உத்தரவு வந்தது. கேட்டுகளில் எல்லாம் கேமரா. ஆகக் கூடி, ரயிலைப் பார்க்கக் கேட் கீப்பர், கேட் கீப்பரைப் பார்க்கக் கேமரா, கேமராவைப் பார்க்க ஓர் அறை, அந்த அறையில் ஒரு காலி இடம்.

ராமேஸ்வரத்திலிருந்து திரும்புகிற வழியில், ஊர் பேர் வேண்டாம், கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு கேட் அடைத்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கம்பிப் பக்கம் போனேன். கொட்டகைச் சுவரில், அனுமதியின்றி நுழைந்தால் 147-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் என்று எழுதியிருந்தது. வழக்கம்போல் விரட்டுவார் என்று நின்றேன். முப்பது வயசுப் பையன். ஒரு கையில் சுருட்டிய பச்சைக் கொடி, இன்னொரு கையில் பாதி தின்ற பன்.

“என்னண்ணே, வண்டி பார்க்கவா?”

“ஆமா தம்பி.”

“இப்பிடி உள்ளாற வாங்க. பன்னெண்டு மணி நேர டூட்டி, பேசக்கூட ஆள் இல்ல.” பன்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “ஒரு ஒத்தாசை செய்யுங்கண்ணே. வண்டிக்கு ரெண்டு பக்கமும் பாக்கணும், நான் ஒரு ஆளு. நீங்க அங்கிட்டு நின்னுக்கங்க. கீழ சக்கரத்தப் பாருங்க, புகை வருதா, எதுவும் தொங்குதான்னு.”

கடந்து அந்தப் பக்கம் போய் நின்றேன். தண்டவாளம் முதலில் பாடியது. அப்புறம் வந்தது. இன்ஜின் நம்பரைப் பார்க்கவேயில்லை, சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம், சக்கரம், தூசி, தொங்குகிற கால்கள், ஒரு தூக்குவாளி, சக்கரம். கடைசியில் டிரெயின் மேனேஜர் கையை நீட்டினார், பச்சை. என்னையும் அறியாமல் என் கையும் எழும்பியது.

தூசி அடங்கியதும் எதிர்ப் பக்கத்திலிருந்து கத்தினான்.

“எதாச்சும் தொங்குச்சாண்ணே?”

“காலுதான் தொங்குச்சு.”

“அது எப்பவும் தொங்குறதுதான். புகை?”

“இல்ல.”

உள்ளே போய் ரிஜிஸ்டரில் என்னவோ எழுதினான். சக்கரத்தைச் சுற்றிக் கேட்டைத் தூக்கினான். என் பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி திட்டிக்கொண்டிருந்தார்.

“அடுத்தது ஒரு கூட்ஸு, முக்கா மணி நேரத்துல. நீளமான வண்டி,” என்றான் பையன். “இருப்பீங்களாண்ணே?”